மூன்று தண்ணீரில் அலசிய வளையங்கள்

ஐந்து நிமிடம் ஆகும் என்றான் சம்பத். வளர்ப்பு மீன் கடை, அவனுடையது. நான் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த மீன்தொட்டித் தண்ணீரை ஒரு விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டுச் சொட்டாக எதையோ விட்டு, மூடிக் குலுக்கி, மேஜை ஓரத்தில் நிற்கவைத்தான். "மஞ்சளாவே நின்னுச்சுன்னா ஒண்ணும் இல்லக்கா. பச்சையா போச்சுன்னா அமோனியா. எவ்ளோ பச்சையோ அவ்ளோ வெஷம். அதுக்குள்ள பில்டருக்கு என்ன வேணும்னு அந்த ஷெல்ப்ல பாத்துனு இருங்க" என்று சொல்லிவிட்டு, தங்கமீன் கேட்டு வந்த ஒரு குடும்பத்திடம் போய்விட்டான். பாத்துனு இருங்களாம். எதைப் பார்க்க? வெள்ளைப் பஞ்சு. நீல ஸ்பாஞ்சு. முள்ளு முள்ளாக பிளாஸ்டிக் உருண்டை. கறுப்பு கறுப்பாகக் கரித்துண்டு. துருப்பிடித்த நிறத்தில் ஒரு பொடி. அப்புறம் அந்த வளையங்கள், சுட்ட மண்ணில் செய்த வெள்ளை வளையங்கள், டப்பாவுக்குள் சுத்தமாக, பார்க்கவே லட்சணமாக. அவற்றிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் தண்ணீரைச் சுத்தம் செய்யத்தான் விற்கிறார்கள். சுத்தத்தைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரம்பூரில் எங்கள் அபார்ட்மெண்டில் வந்து ஜெசிந்தா வீடு எது என்று கேட்டால், வாசல்படி ஈரமாக இருக்கும் வீடு என்று சொல்லிவிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. கொளத்தூரில், காலை பதினொரு மணிக்கு, ஃபேன் காற்றுக்குக் கீழே நின்றுகொண்டு எனக்கு வேர்க்கிறது.

தொட்டி என்னுடையதல்ல, செலஸ்டினுடையது. கப்பலில் இரண்டாவது இன்ஜினியர் என் வீட்டுக்காரர். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அந்த மூன்று மாதமும் மனிதன் என் முகத்தைப் பார்த்ததைவிட அந்தத் தொட்டியைப் பார்த்ததுதான் அதிகம். பெரிய தொட்டிகூட இல்லை, இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கும், அவ்வளவுதான். உப்புத் தண்ணீர், இரண்டு பாறைத்துண்டு, அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு விரியும் பவளப் பூக்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன். பெரியது பொம்பளை, சின்னது ஆம்பளை. இந்த ஜாதியில் அப்படித்தானாம். "பெருசு நீ, சின்னது நான். வீட்டுல யாரு பெரிய ஆளுன்னு மீனுக்கே தெரிஞ்சிருக்கு பாரு" என்று சொல்லிச் சிரிப்பார். போகும்போது ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போனார். கப்பல் இன்ஜினுக்கு எழுதுகிற மாதிரி எண் போட்டு, கோடு போட்டு. ஏழாவது எண்ணில் இருந்தது: பில்டர் வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதே, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக முக்கி எடு, போதும். படித்தேன். படிக்காமல் இல்லை. படித்துவிட்டு, ஆம்பளைக்குச் சுத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். இந்த மனிதர் சாப்பிட்ட தட்டைக் கழுவினாலே நான் திரும்ப ஒருமுறை கழுவுவேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் வீட்டைத் தலைகீழாக்குவது எங்கள் வழக்கம். தூத்துக்குடியில் அம்மா செய்தது, இங்கே நானும் செய்கிறேன். திரைச்சீலை, மின்விசிறி, மாதா படக் கண்ணாடி, கடைசியாகத் தொட்டி. பில்டரைத் திறந்தால் பழுப்பாக, கொழகொழவென்று, ஐயோ, அதைப் பார்த்துக்கொண்டு எப்படி மூடிவைக்க முடியும்? மறுநாள் கோவிலுக்குப் போகிற வீட்டில்? குழாயைத் திறந்துவிட்டு அரிசி களைகிற மாதிரி மூன்று தண்ணீர் அலசினேன். பழுப்பு போகப்போக மனசுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. அதோடு விட்டேனா? ஈரத்தோடு வைத்தால் நாறும் என்று முறத்தில் பரப்பி மொட்டைமாடியில் காயவைத்தேன். காக்காய் கொத்தாமல் இருக்கப் பழைய வேட்டி வேறு போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாயங்காலம் வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்ததை எடுத்து பில்டருக்குள் அடுக்கினேன். கையில் வாங்கிவந்த குருத்தோலையைத் தொட்டிக்கு மேலே சுவரில் செருகினேன். சுத்தம் சோறு போடும் என்பார்கள். போட்டதைப் பார்த்தேன். திங்கட்கிழமை பவளப் பூ எல்லாம் சுருங்கிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் அரிசி கழுநீர் நிறத்துக்குப் போனது. இன்று காலை சின்னது மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்து, மூச்சுக்கு அடித்துக்கொள்கிறது. பெரியது கீழே அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. சின்னதுதான். பெரியதாக இருந்திருந்தால் நான் இப்படி ஆட்டோ பிடித்து ஓடிவந்திருப்பேனா என்று தெரியவில்லை. வந்திருக்க மாட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் ஆகட்டும் என்று இருந்திருப்பேன்.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து அவர் பேசவில்லை. கடைசியாக வந்த செய்தி: நாளைக்குக் கூப்பிடுறேன். அவ்வளவுதான். கப்பல்களைத் தாக்குகிற செங்கடல் பக்கம் அவர் கப்பல் போகிறது என்று தெரியும். டிவியில் அந்தப் பெயர் வந்தாலே சேனலை மாற்றிவிடுவேன், மாற்றினால் நடக்காது என்கிற மாதிரி. ஞாயிறு சாயங்காலம் நான் அந்தச் செத்த வளையங்களை அடுக்கினேன், ஞாயிறு மத்தியானம் அவர் பேச்சு நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் இருக்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், நான் பி.எஸ்ஸி. படித்தவள். ஆனாலும் சின்னது ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் என் தொண்டையும் திறந்து மூடுகிறது. சின்னது பிழைத்தால் அவர் பேசுவார். யார் எனக்கு அப்படிச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நேற்றே ஏஜெண்ட் ஆபீசுக்கு போன் போட்டேன். கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ். அங்கே குமரகுரு என்று ஒருவர்தான் எங்கள் கப்பலைப் பார்க்கிறவர். "ஒண்ணும் இல்ல மேடம். கப்பல் நல்லா இருக்கு. நெட்வொர்க் பிரச்சின. நீங்க தைரியமா இருங்க" என்றார். நல்ல வார்த்தைதான். வேறொருத்தி என்றால் போனை வைத்துவிட்டு காபி போட்டுக் குடித்திருப்பாள். எனக்குப் பயம் கூடிப்போனது. வார்த்தையால் அல்ல, குரலால். அந்தக் குரலை எனக்குத் தெரியும். கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் கூடுதல் சந்தோஷமாக, கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிடுகிற குரல். அது என் குரல்.

நான்கு வருடத்துக்கு முன்னால் மாமா, செலஸ்டினின் அப்பா, தூத்துக்குடியில் மாரடைப்பில் போய்விட்டார். செலஸ்டின் நடுக்கடலில். எங்கள் பக்கத்தில் கப்பலில் இருக்கும் ஆளுக்குத் துக்கம் சொல்ல மாட்டார்கள். கரைக்கு வந்த பிறகுதான் சொல்வார்கள். தண்ணீருக்கு நடுவில் ஒருத்தன் அழுதால் யார் பிடித்துக்கொள்வது, வேலையில் கவனம் சிதறி இன்ஜினில் கையை விட்டுவிட்டால் என்ன செய்வது? பெரியவர்கள் எல்லாரும் கூடிப் பேசினார்கள். பேசிவிட்டு வேலையை என் தலையில் கட்டினார்கள். "ஏ ஜெசி, நீதான் சமாளிக்கணும். அவன் ஒங்கிட்டதான் பேசுவான்" என்றார் அத்தை, தாலி கழற்றிய கழுத்தோடு. பதினோரு நாள். பதினோரு நாளும் அவர் கூப்பிட்டார், பதினோரு நாளும் நான் நல்லா இருக்கு என்றேன். ஏழாம் நாள் பூசை வீட்டில் நடக்கும்போது போன் வந்தது. பாட்டுச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். "அப்பா எங்க, போனே எடுக்க மாட்டேங்குறாங்க" என்றார். "தூங்குறாங்க" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து அப்படியே வழுக்கி வந்தது. அவர் சிரித்தார். "எழும்புனதும் நான் கேட்டேன்னு சொல்லு" என்றார். சொல்கிறேன் என்றேன். பக்கெட்டில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, குழாயை மூடத் தோன்றவில்லை. கரை இறங்கி வந்து, எல்லாம் தெரிந்து, அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்றாவது நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "இனிமே நீ நல்லா இருக்குன்னு சொன்னா எனக்கு பயமா இருக்கும் ஜெசி." அதற்குப் பிறகுதான் அந்தத் தொட்டியை வாங்கினார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துச் சேர்த்துக் கட்டுவதே என் வேலையாகிவிட்டது.

போன் அடித்தது. கைப்பையின் ஜிப் மாட்டிக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை, உள்ளே அடித்துக்கொண்டே இருக்கிறது. அவர்தான், அவராகத்தான் இருக்கும், இல்லை ஆபீஸ், ஆபீஸ் தானாகக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வேண்டாம், நின்றுவிடு, ஐயோ நின்றுவிடாதே. எடுத்தால், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள். வீடு பூட்டியிருக்கிறதே என்கிறார். "பக்கத்து வீட்ல குடுத்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, வெள்ளை வளையங்கள் இருந்த ஷெல்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கமீன் வாங்க வந்த குடும்பத்தின் சின்னப் பெண் என்னையே பார்த்தது. சிரித்துவைத்தேன். மேஜையைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கண் போய்விட்டது. பச்சை. வாழைக்கன்று பச்சையெல்லாம் இல்லை, நல்ல அடர்ந்த பச்சை. சம்பத் வந்து குழாயை எடுத்து அட்டையில் இருந்த நிறங்களோடு வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "எக்கச்சக்கமா இருக்கேக்கா. பில்டர்ல எதனா கை வெச்சீங்களா?" என்று கேட்டான். "லேசா அலசினேன்" என்றேன். "எதுல?" "அந்தத் தொட்டித் தண்ணிலதான்" என்றேன். கொஞ்சம் அவசரமாக. கொஞ்சம் கூடுதல் சந்தோஷமாக. முன்பின் தெரியாத மீன்கடைக்காரனிடம் நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? முட்டாள் என்று நினைத்துவிடுவானே என்றா? ஜெசிந்தா வீட்டு வாசல்படி ஈரத்துக்கு இழுக்கு வந்துவிடும் என்றா?

அவன் நம்பினான். நம்பினதுதான் பெரிய கொடுமை. "அப்ப பில்டர் மேல தப்பு இல்ல. உள்ள எதுவோ செத்து அழுகுது. நத்தயோ, புழுவோ. நீங்க போயி பாறைங்கள மொத்தமா வெளிய எடுத்து வெச்சுட்டு, மணல கிளறித் தேடுங்க. கூட இத போட்டு வைங்க, நாத்தத்த இழுக்கும்" என்று கரித்துண்டுப் பாக்கெட் ஒன்றை என் கையில் கொடுத்தான். பாறைகளை வெளியே எடுப்பதா? நான்கு வருடமாக ஒரு விரல்கூட நகர்த்தாமல் அவர் வைத்திருக்கும் பாறைகள். அதன்மேல்தான் பவளப் பூக்கள். என் பொய்யைக் கேட்டு இந்தப் பிள்ளை நல்ல மனசோடு தப்பான வைத்தியம் சொல்கிறான். நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். கரி பாக்கெட் கையில் கனமே இல்லை. வீட்டுக்குப் போகலாம், பாறையை எடுக்கலாம், கரியைப் போடலாம், சாயங்காலத்துக்குள் சின்னது செத்துப்போகலாம், அவர் கேட்டால் நல்லா இருக்கு என்று சொல்லலாம். கேட்டால். கேட்பதற்கு அவர் இருந்தால். குமரகுரு ஆபீசில் உட்கார்ந்து இதையேதான் செய்கிறாரா? அவர் நல்லா இருக்கு என்று சொல்லச்சொல்ல நான் காபி போட்டுக் குடித்துக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்யாமல், கேட்க வேண்டியதைக் கேட்காமல்? பில் மேஜை வரைக்கும் போய்விட்டேன். சம்பத் பிளாஸ்டிக் பையை உதறிப் பிரித்தான். "தம்பி, நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "பைப் தண்ணிலதான் கழுவினேன். மூணு தண்ணி. பெறவு மொட்டமாடில ஒரு நாள் பூரா வெயில்ல காயவச்சேன். முறத்துல." சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில், மீன்கடையில்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முறத்துலயா? வடகமாக்கா போட்டீங்க?" என்றான். அடுத்த நொடி, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டான். கரி பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தான். "இத மொதல்லயே சொல்லியிருந்தா வேல முடிஞ்சிருக்கும். நீங்க அழுக்குன்னு நெனச்சது அழுக்கில்லக்கா. கண்ணுக்குத் தெரியாத உசுருங்க. மீன் கழிக்கிறத அதுங்கதான் தின்னு தண்ணிய காப்பாத்தும். பைப் தண்ணில கலக்குற மருந்துல பாதி போயிருக்கும், மிச்சம் வெயில்ல போயிருக்கும். புதுசா எது வாங்கிப் போட்டாலும் ஒரு மாசமாவும் அதுங்க திரும்ப வர. உங்க மீனுக்கு ஒரு மாசம் இல்ல." "அப்போ இந்த ஷெல்ப்ல எத எடுக்க?" என்று கேட்டேன். "எதுவும் வாணாம்" என்றான். கடைக்குப் பின்னால், அவனே வளர்க்கும் உப்புத் தண்ணீர் தொட்டிக்கு அடியில் குனிந்து, ஒரு வலைப்பையை வெளியே இழுத்தான். அதே வளையங்கள். பழுப்பாக, கொழகொழவென்று, சொட்டச்சொட்ட. தண்ணீர் வற்றின நேரத்துத் துறைமுக வாசம் அடித்தது. மூக்கைப் பொத்தத்தான் கை போனது. பாதியை ஒரு பையில் போட்டு, தொட்டித் தண்ணீரை ஊற்றி, காற்று விட்டு ரப்பர் பேண்ட் போட்டான். "ஒரு மணி நேரத்துக்குள்ள பில்டருக்குள்ள போயிரணும். கை வெச்சுத் தேச்சுராதீங்க. பாதித் தண்ணிய மாத்துங்க, உப்புக் கலந்து. ரெண்டு நாளைக்கு தீனி போடாதீங்க." "பொழச்சுக்கிடுமா தம்பி?" என்றேன். நல்லாயிடும்க்கா, தைரியமா இருங்க என்று சொல்வான் என்று காத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டே, "தெரியாதுக்கா" என்றான்.

தெரியாது. நான்கு நாளில் எனக்கு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அத்தை சொல்லவில்லை, பங்குச்சாமியார் சொல்லவில்லை, எதிர்வீட்டு உமாராணி சொல்லவில்லை, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, எல்லாம் நல்லபடியாக இருந்தது. கடைப்படியில் இறங்கி வெயிலில் நின்றேன். பையை முந்தானையால் மூடிக்கொண்டேன், வெயில் படக்கூடாதே. இன்னொரு கையில் போன். போட வேண்டாம், வீட்டுக்குப் போ, முதலில் மீனைப் பார் என்றது மனசு. போட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் திரும்பத் தெரியாமல் ஆக்க முடியாது. போட்டேன். இரண்டாவது மணியிலேயே குமரகுரு எடுத்தார். "மேடம், நான் நேத்தே சொன்னேனே, கப்பல் நல்லா..." "சார்" என்றேன். "நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. ஒங்களுக்குத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. நான் கீழ விழ மாட்டேன்." அந்தப் பக்கம் யாரோ நாற்காலியைத் தள்ளி எழுந்திருப்பதும், ஒரு கதவு சாத்தப்படுவதும் கேட்டது. எனக்கு அந்தக் கதவும் தெரியும். திரும்பி வந்த குரல் வேறாக இருந்தது, வயதானதாக. "தெரியலம்மா" என்றார். "ஞாயித்துக்கெழம மத்தியானத்துல இருந்து எங்களுக்கும் தொடர்பு இல்ல. கப்பல் எங்க இருக்குன்னே தெரியல. தேடிக்கிட்டு இருக்காங்க. குடும்பங்களுக்கு இப்ப சொல்ல வேண்டாம்னு எங்களுக்கு உத்தரவு. மன்னிச்சுக்குங்கம்மா." எதிரே ஒருவர் சைக்கிளில் பிளாஸ்டிக் பைகளில் மீன் தொங்கவிட்டுக்கொண்டு போனார். "எத்தன நாள் சொல்லாம இருக்கிறதா இருந்தீங்க?" என்று கேட்டேன். கோபமே வரவில்லை எனக்கு. "நான் பதினோரு நாள் இருந்தேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சம்பத் சொன்ன ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் போய்விட்டது. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, பையை மடியில் வைத்துக்கொண்டு, பெரம்பூர் என்றேன்.